வெள்ளைப் பெட்டியில் வந்த 96 டயப்பர்: மொத்தமாக வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பெரியவர்களுக்கான டயப்பரை இணையத்தில் மொத்தமாக வாங்க நினைப்பவர்கள், அதிலும் "வெளியே எதுவும் அச்சிடாத வெள்ளைப் பெட்டியில் அனுப்புவோம், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது" என்று சொல்லும் ஆளிடம் வாங்கப் போகிறவர்கள், பணம் கட்டும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள். நான் 96 டயப்பர் வாங்கினேன். அதில் நம்பி அணிய முடிந்தவை பத்துகூட இருக்காது. பணமும் திரும்பி வரவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது 42. ஆறு வருடத்துக்கு முன் முதுகுத்தண்டின் கீழே டிஸ்க் பிதுங்கி அங்கிருக்கும் நரம்புக் கற்றையை நசுக்கிவிட்டது. அவசரமாக அறுவை சிகிச்சை செய்தார்கள். நடை திரும்பி வந்தது, சிறுநீர்க் கட்டுப்பாடு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. அன்று முதல் டயப்பர்தான். வேலைக்குப் போகிறேன், மாடிப்படி ஏறுகிறேன், பயணம் செய்கிறேன். டயப்பர் என்றாலே படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களுக்கானது என்று விற்பவர்கள் உட்படப் பலரும் நினைக்கிறார்கள். அதனால் என்னைப் போன்றவர்கள் எதை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லித்தர ஆளே இருப்பதில்லை, பட்டுத்தான் கற்றுக்கொள்கிறோம்.

பட்டுக் கற்றதில் முதல் பாடம், ஒரே வகையை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்ட முடியாது என்பது. பகலில் நான் அணிவது பேண்ட் வகை, உள்ளாடை மாதிரி இழுத்துப் போட்டுக்கொள்வது. மெலிதாக இருக்கும், உடைக்குள் தெரியாது, ஆனால் கொள்ளளவு குறைவு. மாற்ற வேண்டுமென்றால் கீழாடையை முழுக்கக் கழற்ற வேண்டும். இரவுக்கு டேப் வகை, இரண்டு பக்கமும் ஒட்டும் பட்டை இருக்கும், நடுவில் பஞ்சும் ஜெல்லும் கனமாக இருக்கும். இரவில் படுத்த நிலையில் சிறுநீர் ஒரே தடவையில் நிறைய வரும், அதுவும் பின்பக்கமாக ஓடும், அதற்குப் பேண்ட் வகை தாங்காது. நீண்ட பயணத்துக்கு டேப் வகைக்குள் பூஸ்டர் பேடு ஒன்று, அதாவது கூடுதலாக உறிஞ்சுவதற்கு டயப்பருக்குள் வைக்கும் பேடு. இந்தப் பூஸ்டர் பேடில் ஒரு விஷயம் இருக்கிறது. அதன் அடியில் பிளாஸ்டிக் தாள் இருக்கக் கூடாது. இருந்தால் பேடு நிறைந்ததும் மிச்சம் டயப்பருக்குள் இறங்காமல் பக்கவாட்டில் வழிந்துவிடும். சாதாரண பேடை டயப்பருக்குள் வைத்து "இரண்டு மடங்கு பாதுகாப்பு" என்று நம்பி நான் நனைந்த நாட்கள் உண்டு.

இருப்பு தீர்ந்தால் அடுத்த நாள் வாங்கிக்கொள்ளலாம் என்று விட முடியாத பொருள் இது. தீர்ந்துவிட்டால் வீட்டை விட்டு வெளியே போக முடியாது. அதனால் எப்போதும் ஒரு மாதத்துக்கானது கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். இந்தப் பயத்தைத்தான் அந்த விற்பனையாளர் பிடித்துக்கொண்டார்.

நான் இரண்டு வருடமாக இரவுக்கு வாங்கிவந்த டேப் டயப்பர் திடீரென்று கிடைக்கவில்லை. தேடும்போது ஒரு விளம்பரம். அதே தயாரிப்புதான், தொழிற்சாலையிலிருந்து நேரடியாக வருவதால் விலை குறைவு, 96 வாங்கினால் இன்னும் குறைவு, பெட்டியில் எதுவும் அச்சிட மாட்டோம். கூடவே ஒரு வீடியோ. ஒரு டயப்பரை விரித்துவைத்து நீல நிறத் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலிலிருந்து முழுக்க ஊற்றுகிறார்கள். உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேலே டிஷ்யூ வைத்து அழுத்தினால் ஈரமே இல்லை. அதைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன்.

அந்த வீடியோவில் இருக்கும் ஏமாற்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. டயப்பருக்குள் இருக்கும் ஜெல் பொடி, சோடியம் பாலிஅக்ரிலேட், சுத்தமான தண்ணீரைத் தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு இழுக்கும். உப்பு கலந்தால் அந்தச் சக்தி பல மடங்கு சரிந்து, சில பத்து மடங்கு அளவுக்குத்தான் நிற்கும். சிறுநீர் உப்பு நீர். ஆகவே சாயம் போட்ட குழாய்த் தண்ணீரை ஊற்றிக் காட்டும் எந்த வீடியோவும் நம் உடம்புக்குப் பொருந்தாது. ஜெல் குறைவாகப் போட்ட மட்டமான டயப்பர்கூட அந்தச் சோதனையில் அருமையாகத் தெரியும். பாக்கெட்டில் போட்டிருக்கும் மில்லிலிட்டர் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 1996-இல் வெளியிட்ட ஐஎஸ்ஓ 11948-1 என்ற ஒரு சோதனை முறை இருக்கிறது. அது உப்பு நீரைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் டயப்பரை முழுசாக அதில் முக்கி ஊறவைத்து, வடியவிட்டு, எடை பார்ப்பார்கள். நம் உடம்பில் சிறுநீர் ஒரே இடத்தில் வேகமாக விழுகிறது, உட்காரும்போது நம் எடை அழுத்துகிறது, ஓரம் வரை பரவும் முன்பே கசிந்துவிடுகிறது. அந்த எண்ணை இரண்டு டயப்பரை ஒப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளலாம், இரவு முழுக்கத் தாங்குமா என்ற கேள்விக்கு அது பதில் இல்லை.

சரி, பெட்டி வந்தது. சொன்னபடியே வெளியே ஒன்றும் இல்லை. உள்ளேயும் ஒன்றும் இல்லை! நிறுவனத்தின் பெயர் இல்லை, தொகுதி எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை, இடுப்பு அளவு எந்த சென்டிமீட்டர் முதல் எந்த சென்டிமீட்டர் வரை என்ற விவரம் இல்லை. வெறும் கண்ணாடிப் பைகளில் பத்துப் பன்னிரண்டாகக் கட்டி, மேலே கையால் எழுதிய "எல்" என்ற ஸ்டிக்கர். எனக்கு அப்போதே உறுத்தியது. ஆனால் யாருக்கும் தெரியாமல் வந்து சேர்ந்ததே என்ற நிம்மதி அந்த உறுத்தலை அமுக்கிவிட்டது. பெட்டியை அலமாரிக்குள் தள்ளினேன். பழைய இருப்பு முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இதுதான் நான் செய்த மிகப் பெரிய தவறு.

இரண்டு வாரம் கழித்து முதல் டயப்பர் போட்ட இரவு, இரண்டு மணிக்கு முதுகுவரை ஈரத்தில் விழித்தேன். சரியாகப் போடவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள், தோல் புண்ணாகாமல் இருக்கப் பூசும் தடித்த களிம்பை அதிகமாகப் பூசிவிட்டேனோ என்று சந்தேகம், ஏனென்றால் வாசலின் மாதிரியான களிம்பை அள்ளிப் பூசினால் அது டயப்பரின் மேல் துணியில் படிந்து ஈரத்தை உள்ளே விடாது. மூன்றாம் நாள் களிம்பே இல்லாமல் போட்டேன், அப்போதும் கசிந்தது. ஒரு வாரம் என்னையே குறை சொல்லிக்கொண்டு, தினமும் விடியற்காலையில் விரிப்பு துவைத்துக்கொண்டு, தூக்கமில்லாமல் வேலைக்குப் போனேன். தொடை இடுக்கில் தோல் சிவந்து எரிய ஆரம்பித்தது. அதன் பிறகுதான் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கையில் எடுத்தாலே கனம் ஒன்றுபோல் இல்லை. சமையலறைத் தராசில் வைத்தேன். ஒன்று 140 கிராம், அடுத்தது 96 கிராம், இன்னொன்று 118. ஒரே தயாரிப்பு என்றால் இப்படி இருக்காது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சிலவற்றில் பஞ்சு ஒரு பக்கமாகத் திரண்டு, நடுவில் வெறும் துணி தெரிந்தது. சிலவற்றில் தொடையோரம் எழுந்து நிற்க வேண்டிய கசிவுத் தடுப்பு மடிப்பு படுத்த நிலையிலேயே ஒட்டிப்போயிருந்தது. ஒட்டும் பட்டை ஒன்றில் பாதி அறுந்தது, ஒன்றில் ஒட்டவே இல்லை. ஈரம் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாற வேண்டிய கோடு, பயன்படுத்தாத டயப்பரிலேயே ஆங்காங்கே நீலமாக இருந்தது. எங்கேயோ ஈரத்தில் கிடந்த சரக்கு என்று இதைவிடத் தெளிவாக எது சொல்லும்? மொத்தத்தில், தரச் சோதனையில் கழித்துப் போட்டதை, இரண்டு மூன்று விதமானதை ஒன்றாகக் கலந்து கட்டியிருக்கிறார்கள். செகண்ட்ஸ் என்று சொல்லி விற்றிருந்தால் அது வேறு விஷயம். தெரிந்தே வாங்குபவர்கள் இருப்பார்கள், படுக்கையில் விரிப்பாகப் பயன்படுத்துவார்கள். எனக்கு முதல் தரம் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். திறந்த பாக்கெட்டைத் திரும்பப் பெற முடியாது, இது சுகாதாரப் பொருள் என்றார் அந்த ஆள். திறக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மேடம், ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும், உங்களுக்கு இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது" என்றார். விடாமல் கேட்டதும், "சரி மேடம், அணிந்திருக்கும்போது கசிவதை வீடியோ எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறோம்" என்றார். போனை வைத்துவிட்டேன். கை நடுங்கியது. அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது, அப்படிக் கேட்டால் யாரும் மறுபடி கூப்பிட மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இந்த வியாபாரமே நம் வெட்கத்தை வைத்து நடக்கிறது. வெள்ளைப் பெட்டி நம்முடைய மானத்தைக் காப்பாற்றுவதற்கு என்று நினைத்தேன். தயாரித்தவர் யார் என்பதை மறைக்கவும் அதுவே அவர்களுக்கு உதவுகிறது. வெளிப்பெட்டி வெறுமையாக இருக்கலாம், தப்பே இல்லை, நானும் இன்றுவரை அப்படித்தான் கேட்டு வாங்குகிறேன். உள்ளே இருக்கும் பாக்கெட் தயாரிப்பாளர் முத்திரையோடு, எல்லா விவரமும் அச்சிட்டு, சீல் உடையாமல் இருக்க வேண்டும். யாராவது உங்களிடம் உடம்போடு சேர்த்துப் படமோ வீடியோவோ கேட்டால் கொடுக்காதீர்கள். பொருளை மட்டும் மேசையில் வைத்து எடுத்த படம் போதும், தராசில் எடை தெரியும்படி எடுத்தால் இன்னும் நல்லது. பேசியதை எல்லாம் எழுத்தில் கேளுங்கள். நான் போனில் மட்டும் பேசியதால் கையில் ஒரு ஆதாரமும் இல்லை.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். புதிய வகை எதுவாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு பாக்கெட், முடிந்தால் இரண்டு மூன்று மாதிரி மட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு கரைத்து, வெதுவெதுப்பாக, 300 மில்லியை ஒரே இடத்தில் வேகமாக ஊற்றுவேன். பத்து நிமிடம் விட்டு இன்னொரு 300. அப்புறம் டிஷ்யூ அடுக்கை வைத்து அதன் மேல் உட்கார்ந்தே பார்த்துவிடுவேன், கையால் அழுத்துவது போதாது. அதில் தேறினால்தான் வீட்டில் இருக்கும் ஒரு இரவில் அணிவது, அடியில் அண்டர்பேடு, அதாவது படுக்கை நனையாமல் காக்கும் விரிப்பு, விரித்துவைத்து. காலையில் கழற்றியதும் எடை பார்ப்பேன். காய்ந்த எடையைக் கழித்தால் வரும் கிராம் ஏறக்குறைய அத்தனை மில்லிலிட்டர் சிறுநீர். ஒரு வாரம் இப்படிப் பார்த்ததில் என் இரவுக் கணக்கு 500 முதல் 650 வரை என்று தெரிந்தது. அது தெரிந்த பிறகு எந்த விளம்பரமும் என்னை அசைப்பதில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்து டயப்பரை மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல்தான் கூடும்.

அளவு விஷயத்திலும் நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் "எல்" இன்னொன்றின் "எம்". எழுத்தைப் பார்க்காமல் சென்டிமீட்டரைப் பாருங்கள், இடுப்பையும் பின்புறத்தின் அகலமான இடத்தையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சைஸ் அதிகம் தாங்கும் என்று நினைத்து வாங்கினால் தொடையோரம் இடைவெளி விட்டு அங்கேயே வழியும்.

இருப்பை இப்போது இரண்டு விற்பனையாளர்களிடமிருந்து பிரித்து வாங்குகிறேன், இரவு வகையில் எப்போதும் ஒரு மாற்றுத் தயாரிப்பும் ஒரு பாக்கெட் வைத்திருக்கிறேன். ஒன்று கிடைக்காமல் போனால் அவசரத்தில் யாரிடமோ போய் விழ வேண்டியதில்லை. பெட்டி வந்த அன்றே, கூச்சப்படாமல், வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்து, ஒவ்வொரு பாக்கெட்டின் தொகுதி எண்ணையும் பார்த்து, ஒரு பாக்கெட்டைத் திறந்து மூன்று டயப்பரை எடை போட்டுவிடுவேன். பழையது முன்னால், புதியது பின்னால். குளியலறை அலமாரியில் வைப்பதில்லை, ஈரக்காற்றை ஜெல் இழுத்துக்கொள்ளும். வெயில் படும் இடமும் வேண்டாம், பட்டையின் பசை கெட்டுவிடும்.

நேற்று அந்த விற்பனையாளரின் பக்கத்தைத் தேடினேன், காணவில்லை. ஆனால் வேறொரு கடைப் பெயரில் அதே வீடியோ ஓடுகிறது. அதே நீலத் தண்ணீர், அதே பாட்டில், ஊற்றும் கையில் அதே பச்சைக்கல் மோதிரம். அந்த மோதிரத்தைப் பார்த்தால் வாங்காதீர்கள்.