மரநிழலில் தரைமூடிச் செடிகள்: நீண்ட கால வளர்ப்பு அனுபவம்

பெரிய மரங்களின் அடியில் புல்தரை நிலைப்பதில்லை. வெயில் போதாமல் புல் மெலிந்து, மழைக்காலத்தில் மேல்மண் கரைந்தோடி, கடைசியில் வேர்கள் புடைத்துத் தெரியும் வெற்று நிலம்தான் எஞ்சுகிறது. அத்தகைய இடத்தில் ஆண்டு முழுவதும் பசுமை மாறாத, பல்லாண்டு வாழும் தரைமூடிச் செடிகளை நீண்ட காலமாக வளர்த்து வருகிறேன். மாண்டோ புல், லிரியோப், ஸ்பைடர் பிளான்ட், பெரணி, சிங்கோனியம், வல்லாரை ஆகியவற்றை ஒரே தோட்டத்தில் வைத்துக் கவனித்ததில், நிழல் நிலத்தை மெதுவாகப் பரவும் செடிகளிடம் ஒப்படைப்பதே நல்லது என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

செடி வாங்குவதற்கு முன் நிழலின் தன்மையைப் பார்க்க வேண்டும். உச்சிவேளையில் தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் கையை நீட்டினால், கையின் நிழல் விளிம்பு மங்கலாகவேனும் தெரியும் இடம் அரைநிழல்; நிழலே விழாத இடம் அடர்நிழல். ஆனால் வெளிச்சத்தைவிட ஈரமே பெரிய கேள்வி. நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய மரவேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் 30 முதல் 45 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே படர்ந்திருக்கின்றன, தூறல் மழையையோ மரத்தின் தழையே தாங்கிக்கொள்கிறது. ஆகவே மரத்தடியில் வாடும் செடியைப் பார்த்து வெளிச்சக் குறைவு என்று நாம் எண்ணும்போது, பல நேரங்களில் அது தாகத்தால் வாடிக்கொண்டிருக்கிறது.

இந்த உலர்ந்த நிழலுக்கு மாண்டோ புல்லுக்கு இணையான செடியை நான் பார்க்கவில்லை. தோற்றத்தில் புல்லைப் போல இருந்தாலும், அது தண்ணீர்விட்டான் கிழங்கு சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த உறவு வேரில் தெரிகிறது: ஒரு தூரைத் தோண்டி மண்ணை உதறினால், நார்வேர்களுக்கு நடுவே வேர்க்கடலைப் பருப்பு போன்ற வெளிறிய சிறு கிழங்குகள் தொங்கும். நீரைச் சேமிக்கும் இந்தக் கிழங்குகள் இருப்பதால்தான், வேர்பிடித்த தூர் சில வாரம் நீரின்றி இருந்தாலும் இலை நுனி மட்டும் பழுத்து, பிறகு தேறிக்கொள்கிறது. கோடையில் இலைகளுக்கு இடையே வெளிர் ஊதா நிறத்தில் சிறு பூக்கள் வரும். அவை உதிர்ந்தபின் இலைகளை விலக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும் அடர்நீலக் காய்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. குறை என்று சொன்னால் அதன் நிதானம்தான். 15 செ.மீ. இடைவெளியில் நட்டால்கூட இடையிலுள்ள மண் மறைய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும்; குட்டை ரகம் இன்னும் தாமதிக்கும். அதுவரை களையைக் கையால் பிடுங்கியே ஆக வேண்டும். மூடியபின் அந்த வேலை பெருமளவு குறைந்துவிடுகிறது. எப்போதாவது கால் படுவதைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் அன்றாடம் நடக்கும் பாதைக்கு ஏற்றதன்று.

நடும்போது மரத்தடியை மண்வெட்டியால் கொத்திப் புரட்டக் கூடாது. வேர்களுக்கு இடையே கைக்கரண்டி நுழையும் இடமாகப் பார்த்துச் சிறு குழிகள் எடுத்து, மட்கிய உரம் கலந்து, தூரைப் பிரித்து நடுவதே மரத்துக்கும் செடிக்கும் நல்லது. புதுமண்ணைக் கனமாகக் கொட்டி மேடாக்குவதும் தவறு. மரவேர்களுக்குக் காற்றோட்டம் தடைபடும். சிறிய நாற்றுகளே இத்தகைய குழிகளில் எளிதாக வேர்பிடிக்கின்றன என்பதால், பெரிய தொட்டிச் செடிகளுக்குச் செலவிட வேண்டிய தேவையில்லை. முதல் ஓராண்டு மட்டும் மண் முற்றிலும் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லிரியோப் ஏறத்தாழ இதே இயல்புடையது. சற்று உயரமானது, ஊதாப் பூக்கதிர்கள் இலைக்கு மேலே எழும்பி நிற்கும், விளிம்புக்கு நன்றாக இருக்கும். ஸ்பைடர் பிளான்ட்டின் தடித்த வேர்களும் நீரைச் சேமிப்பவை. வளைந்த தண்டுகளின் நுனியிலுள்ள குட்டிச் செடிகள் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விடுவதால் வெற்றிடம் விரைவில் நிரம்பும். வல்லாரைக்கு ஈரம் குறையவே கூடாது. குழாயடி போன்ற அரைநிழலில் மட்டும் அது கணுவுக்குக் கணு வேர்விட்டுச் செழிக்கிறது.

விரைந்து பரவும் செடிகளைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். சிங்கோனியம் ஒரே பருவத்தில் தரையை மூடிவிடுகிறது. ஆனால் அங்கே நிற்பதில்லை. அடிமரத்தைப் பற்றியதும் மேலேறி, அம்பு வடிவ இலைகளுக்குப் பதிலாகப் பல பிளவுகள் கொண்ட பெரிய இலைகளை விடத் தொடங்கும். மாதந்தோறும் வெட்டினால்தான் கட்டுக்குள் இருக்கும். அதன் திசுக்களில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளதால், மென்றால் வாயும் நாக்கும் எரியும். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் உலவும் தோட்டத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். மஞ்சள் பூப் பூக்கும் வெடிலியாவையோ எந்த நிலைமையிலும் பரிந்துரைக்கமாட்டேன். உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்கள் எனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொகுத்த பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. நிழலில் பூவும் குறைந்து, தண்டு நீண்டு, மண்ணையும் சரியாக மூடுவதில்லை.

பராமரிப்பில் எஞ்சியிருப்பது சருகு. சிறிய இலைகள் மாண்டோ புல்லின் இடுக்குகளில் இறங்கி அங்கேயே மட்கி உரமாகின்றன, அவற்றைத் தொடுவதில்லை. உள்ளங்கையைவிடப் பெரிய இலைகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அடியிலுள்ள குருத்தை அழுகச் செய்வதால், மழைக்காலத்தில் அவற்றை அகலப் பற்களுள்ள வாரியால் மெல்ல வாரி எடுக்கிறேன். அதே மழைக்காலத் தொடக்கத்தில்தான் நெருக்கமாகிவிட்ட தூர்களைப் பிரித்து, மரத்தின் மறுபுறம் இன்னும் வெறுமையாக உள்ள பகுதியில் நடுகிறேன்; இப்போதுள்ள பரப்பில் பெரும்பகுதி இப்படிப் பிரித்து நட்ட தூர்களிலிருந்து வந்ததே.