பாலக்காட்டுக் கணவாயின் மேடைகளில் இன் இயர் மானிட்டர்: ஒரு மெல்லிசைக் குழுவின் மதிப்பீடு

மேடையில் தம் குரலையும் மற்ற வாத்தியங்களையும் கலைஞர்கள் காதில் செருகிய இயர்போனிலேயே கேட்க உதவுவது இன் இயர் மானிட்டர். ஓரிடத்தில் அமர்ந்து வாசிக்கும் கலைஞர்களுக்குக் கம்பியுள்ள இன் இயர் மானிட்டரே போதுமானது. கம்பியில்லாத தொகுப்பைப் பாடகர்களுக்கு மட்டும் வாங்கினால் போதும். கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம், சித்தூர், கொல்லங்கோடு என்று தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் எல்லையோர ஊர்களின் திருவிழா மேடைகளில் இந்தக் கருவிகளோடு வாசித்துப் பார்த்தபின் எங்கள் குழு எட்டிய முடிவு இதுவே. கேரளப் பக்கத்தில் கானமேளா என்றும் தமிழ்நாட்டுப் பக்கத்தில் மெல்லிசைக் கச்சேரி என்றும் அழைக்கப்படும் நிகழ்ச்சிகளை நடத்தும் சிறு குழுக்கள், எல்லாருக்கும் கம்பியில்லாதது வேண்டும் என்று எண்ணி, பணம் சேரும்வரை ஆண்டுக்கணக்கில் வாங்காமலே இருந்துவிடுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இந்த மதிப்பீட்டை விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் பயன்படுத்துவது பெஹ்ரிங்கர் நிறுவனத்தின் எக்ஸ்.ஆர். 18 என்ற, ஒலிகளைக் கலந்து அனுப்பும் டிஜிட்டல் மிக்ஸர், பாடகர் இருவருக்கும் சேர்த்து ஷூர் நிறுவனத்தின் பி.எஸ்.எம். 300 என்ற கம்பியில்லாத தொகுப்பு ஒன்று, வாத்தியக்காரர்களுக்குப் பெஹ்ரிங்கர் பவர்பிளே பி 2 என்ற, இடுப்பில் மாட்டும் கம்பியுள்ள சிறிய பெல்ட் பேக்குகள். மிக்ஸரில் மானிட்டருக்கென்று, தனித்தனி ஒலிக் கலவையை அனுப்பக்கூடிய 6 ஆக்ஸ் வெளியீடுகள் உள்ளன. அவற்றில் இரண்டு, ஒலியைக் கம்பியின்றி அனுப்பும் ஷூர் டிரான்ஸ்மிட்டருக்குச் செல்கின்றன; மீதமுள்ள நான்கும் கீபோர்டு, ரிதம் பேட், தபேலா, பேஸ் கிட்டார் ஆகிய நால்வருக்கும் ஆளுக்கொன்றாகப் போகின்றன. ஒவ்வொருவரும் தம் கைபேசியிலிருந்தே தமக்கு வேண்டிய வாத்தியத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிவதால், பாட்டுக்கு நடுவில் சவுண்ட் காரரைப் பார்த்துக் கையைத் தூக்கிச் சைகை காட்டும் வேலை எங்கள் மேடையில் இல்லாமல் போயிற்று.

பி.எஸ்.எம். 300 தொகுப்பில் சிறு குழுக்களுக்கு மிகவும் உதவுவது, மிக்ஸ்மோடு என்று ஷூர் பெயரிட்டிருக்கும் வசதி. டிரான்ஸ்மிட்டரின் இரண்டு உள்ளீடுகளையும் இடம், வலம் என்று கொள்ளாமல் இரண்டு தனித்தனி மிக்ஸ்களாக, அதாவது ஒலிக் கலவைகளாகக் கொண்டு, இடுப்பில் இருக்கும் ரிசீவரில் அவற்றைத் தேவையான விகிதத்தில் கலந்துகொள்ளலாம். அந்தக் கலவை இரு காதுகளிலும் ஒரே மாதிரி கேட்கும். ஒரே அலைவரிசையில் எத்தனை ரிசீவர்களை வேண்டுமானாலும் வைத்துக் கேட்க முடியும் என்பதால், ஒரு டிரான்ஸ்மிட்டரையும் இரண்டு ரிசீவர்களையும் கொண்டு இரண்டு பாடகர்களுக்கு இரண்டு வேறு மிக்ஸ்கள் கொடுத்துவிடலாம். ஆண் குரல் முன்னால் நிற்கும் மிக்ஸை ஓர் உள்ளீட்டிலும், பெண் குரல் முன்னால் நிற்கும் மிக்ஸை மற்றதிலும் அனுப்புகிறோம். பாடகர் தம் பக்கத்துக்குத் திருப்பிக்கொள்கிறார், பாடகி தம் பக்கத்துக்குத் திருப்பிக்கொள்கிறார், ஜோடிப் பாட்டு வரும்போது இருவரும் நடுவுக்குக் கொண்டுவருகிறார்கள். ஸ்டீரியோவின் விரிவு இதில் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனாலும் இன்னொரு முழுத் தொகுப்பு வாங்கும் செலவு மிச்சமாகிறது என்பதால் அந்த இழப்பை மனமுவந்து ஏற்கலாம்.

ரிசீவரில் இரண்டு வகைகள் உண்டு. விலை குறைந்த பி3ஆர் இரண்டு ஏஏ பேட்டரிகளில் இயங்குவது. பி3ஆர்.ஏ. உலோக உடல் கொண்டது. ரீசார்ஜ் செய்யும் பேட்டரியை ஏற்கக்கூடியது. ஒலி அளவுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதியும் அதில் இருக்கிறது. பாடகர்களுக்கு வாங்குவதானால் இரண்டாவதையே பரிந்துரைப்பேன், உலோக உடலுக்காக அல்ல, அந்த உச்சவரம்புக்காக. மைக் கீழே விழுந்தாலோ, யாரேனும் கேபிளைப் பிடுங்கிச் செருகினாலோ எழும் வெடிச்சத்தம், தரையில் இருக்கும் மானிட்டர் பெட்டியில் கேட்டால் எரிச்சலோடு போய்விடும். காதின் துளைக்குள்ளேயே கேட்டால் செவிக்குக் கேடு. கம்பியுள்ள பெல்ட் பேக் பயன்படுத்துவோர் மிக்ஸரின் ஆக்ஸ் ஒவ்வொன்றிலும் ஒலிக்கு உச்சவரம்பு இடும் லிமிட்டரை வைக்காமல் இயர்போனைக் காதில் செருகவே கூடாது. எக்ஸ்.ஆர். 18இல் ஒவ்வொரு ஆக்ஸுக்கும் பெரிய ஒலியை அடக்கும் கம்ப்ரெஸர் தனியே இருப்பதால், அதையே லிமிட்டராக அமைத்துக்கொள்ளலாம்.

பி 2 பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கைக்குள் அடங்கும் சிறு பெட்டி. இரண்டு ஏஏஏ பேட்டரிகள். சாதாரண மைக் கேபிளை நேரே செருகி மோனோவில் கேட்கலாம். ஸ்டீரியோ வேண்டுமென்றால் இரண்டு ஆக்ஸ்களை ஒரே கேபிளில் சேர்க்கும் இணைப்பைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். அலைவரிசை தேட வேண்டியதில்லை, தொடர்பு அறுந்துபோகும் என்ற அச்சம் இல்லை, ஒரு கம்பியில்லாத தொகுப்பின் விலைக்கு இவற்றில் பல வாங்கலாம். தபேலாக்காரர் மேடையில் எங்கும் ஓடப் போவதில்லை. ஏற்கெனவே அவர் முன்னால் மைக் கேபிள்கள் கிடக்கின்றன. இன்னொன்று சேர்வதால் அவருக்கு எந்த இடையூறும் இல்லை.

கம்பியில்லாததிலும் மலிவானதை நாடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. பெயர் குறிப்பிட விரும்பாத 2.4 கிகாஹெர்ட்ஸ் தொகுப்பு ஒன்றை முதலில் முயன்றோம். மாலையில் மைதானம் காலியாக இருந்தபோது அது குறையின்றி வேலை செய்தது; கூட்டம் நிறைந்து, ஆயிரக்கணக்கான கைபேசிகள் அதே அலைப்பரப்பில் வந்து சேர்ந்தபின் பாட்டின் நடுவே ஒலி விட்டுவிட்டு வந்தது. காலி மைதானத்தில் செய்யும் சோதனை இந்த வகைக் கருவிக்குச் சோதனையே ஆகாது. இதே காரணத்துக்காக, எக்ஸ்.ஆர். 18இன் உள்ளே இருக்கும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது என்பதால், 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் ஒன்றைத் தனியே இணைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டிலிருந்து வரும் பழைய யு.எச்.எஃப். (மிகை உயர் அதிர்வெண்) தொகுப்புகளை வாங்குவோரும் அலைவரிசையைப் பார்த்து வாங்க வேண்டும்: 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை 2022 ஏலத்தில் ஜியோவுக்குச் சென்று 5ஜி சேவைக்குப் பயன்படுவதால், அந்தப் பரப்பில் இயங்கும் மானிட்டரை இனி நம்ப முடியாது. புளூடூத் இயர்போனைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அதில் ஒலி பொதுவாக நூறு மில்லி விநாடிக்கும் மேல் தாமதமாக வருவதால் தாளத்தோடு சேர்ந்து வாசிக்கவே முடியாது.

தாமதம் என்றதும் தரை மானிட்டரின் குறையையும் சொல்ல வேண்டும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது. கோயில் மைதானத்தில் போடும் அகன்ற மேடையில் தபேலா ஒரு மூலையிலும் பாடகி மறுமூலையிலுமாக 10 மீட்டர் இடைவெளி இருந்தால், தாளம் அவரை அடையவே 30 மில்லி விநாடி ஆகும். தபேலாவை நேரே கேட்டுப் பாடினால் துரித காலப் பாட்டில் பின்தங்கியே நிற்பார். இன் இயரில் எல்லாரும் எல்லாரையும் ஒரே கணத்தில் கேட்கிறோம். எங்கள் குழுவில் தாளம் இறுகியதற்கு முதல் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாவது காரணம் டாக்பேக் மைக். மிக்ஸரில் ஒரு மைக்கை வெளி ஒலிபெருக்கிக்குப் போகாமல் ஆக்ஸ்களுக்கு மட்டும் அனுப்பி, கீபோர்டின் அருகே வைத்திருக்கிறோம். பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தால் அரைக் கட்டை இறக்குவது, நேரம் போதாவிட்டால் இரண்டாம் சரணத்தை விட்டுப் பல்லவிக்குத் திரும்புவது, கூட்டம் கைதட்டி ஆடினால் இடையிசையை இன்னொரு சுற்று நீட்டுவது எல்லாம் மேடைக்குள்ளேயே பேசி முடிந்துவிடுகின்றன. கேட்போருக்கு எதுவும் தெரிவதில்லை. முன்பு கண்ணாலும் தலையசைப்பாலும் செய்துவந்ததைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல்.

இயர்போனைப் பொறுத்தவரை, நாங்கள் பாடகர்களுக்கு ஷூர் எஸ்.இ. 215 வைத்திருக்கிறோம். ஒலியை எழுப்பும் டைனமிக் டிரைவர் ஒன்றை மட்டும் கொண்டது. கேபிள் காதின் மேல் வளைந்து பின்புறமாக இறங்குவதால் தலையை அசைத்தாலும் கழன்று வருவதில்லை. கேபிள் பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வெளிச் சத்தத்தை 37 டெசிபல் வரை தடுக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. அந்தத் தடுப்பு முழுவதும் நுனியில் மாட்டும் பஞ்சு அல்லது சிலிக்கான் உறை நம் காதுக்குப் பொருந்துவதைச் சார்ந்தது. பொருந்தாவிட்டால் முதலில் மறைவது பேஸ். அது போதவில்லை என்று ஒலியைக் கூட்டுவோம். கூட்டக் கூட்டக் காதுதான் களைக்கும். கே.இசட். இசட்.எஸ்.என். ப்ரோ போன்ற விலை குறைந்த இயர்போன்களை வாத்தியக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். உறை சரியாகப் பொருந்தினால் அவையும் மேடைக்குத் தாராளமாகப் போதும். கோயம்புத்தூர்க் கடைகளுக்குச் சென்று வாங்குவோர், இயர்போனுக்கு ஒதுக்கும் பணத்தில் சிறிது குறைத்தேனும் எல்லா அளவிலும் பஞ்சு உறைகளை வாங்கி வருவது நல்லது.

பாடகர்கள் முதலில் சொல்லும் குறை ஒன்று உண்டு. காதை அடைத்தவுடன் சொந்தக் குரல் பானைக்குள் பேசுவது போல மண்டைக்குள் முழங்குகிறது. குரலின் அதிர்வு எலும்பு வழியாகக் காதுத் துளையை அடைந்து, வெளியேற வழியின்றி அங்கேயே தங்குவதால் இப்படிக் கேட்கிறது. பஞ்சு உறையை நன்றாக ஆழத்தில் செருகினால் இந்த முழக்கம் வெகுவாகக் குறையும். மிக்ஸில் குரலுக்குச் சற்றே எதிரொலி நயம் தரும் ரிவெர்ப் சேர்த்தால் மேலும் இயல்பாகும். பலர் செய்வது போல ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பாடுவது தவறான வழி. இரு காதாலும் கேட்கும்போது கிடைக்கும் வலு போய்விடுவதால் மாட்டியிருக்கும் காதில் ஒலியைக் கூட்டுவார்கள், திறந்த காதில் மேடைச் சத்தம் முழுவதும் விழும், இரண்டுமே கெடும். அமெரிக்காவின் பணியிட ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். 3 டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாகிறது. அதாவது 100 டெசிபலில் 15 நிமிடம்தான். திருவிழாக் கச்சேரி 3 மணி நேரம் நடப்பது என்பதால் காதுக்குள் 89 டெசிபலைத் தாண்டாமல் இருப்பதே பாதுகாப்பு. இன் இயர் காதைக் காக்கும் என்ற பேச்சு, ஒலியைக் குறைத்து வைப்பவருக்கு மட்டுமே பொருந்தும்.

காதை அடைத்தால் கூட்டமும் கேட்காது. எங்கள் ஊர்களில் ஒரு பாட்டு முடிந்ததும் ஒரு பக்கம் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றும் மறுபக்கம் மலையாளப் பாட்டு வேண்டும் என்றும் குரல் கொடுப்பார்கள். அதற்குப் பதில் சொல்லாத பாடகரைக் கூட்டம் தள்ளி வைத்துவிடும். மேடையின் இரு முனைகளிலும் கூட்டத்தை நோக்கி இரண்டு மைக்குகள் வைத்து, அவற்றை இன் இயருக்கு மட்டும் அனுப்புவதே இதற்கு வழி. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் இவற்றைக் கூட்டி, பாட்டு தொடங்கியதும் குறைக்க ஒருவர் வேண்டும்.

கணவாய்க் காற்றைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும், ஏனெனில் வேறு ஊர்க்காரர்களின் மதிப்பீடுகளில் இது வராது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த அகன்ற இடைவெளி வழியே, மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து காற்று ஓயாமல் வீசுகிறது. திறந்த மேடையில் அது மைக்குகளில் மோதி எழுப்பும் உறுமல் அப்படியே காதுக்குள் வந்துவிடும். தரை மானிட்டரில் அது பெரிதாகத் தெரிந்ததில்லை; இன் இயரில் தாங்க முடியாது. எல்லா மைக்குகளுக்கும் பஞ்சுத் தொப்பி மாட்டி, குரல் சேனல்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அந்த நேரத்தில் பாடாதவரின் மைக்கை மூடி வைத்தால்தான் நிம்மதியாகப் பாட முடிகிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் வெயிலும் புழுக்கமும் வேறு வகைச் சிக்கலைத் தருகின்றன. வியர்வை இயர்போனின் நுனி வலையை அடைத்து ஒரு காதில் ஒலி மங்கிவிடும். கச்சேரி முடிந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். ஒருவர் உறையை மற்றொருவர் மாட்டுவதை எங்கள் குழுவில் முற்றிலும் தடுத்திருக்கிறோம்.

கடைசியாக, ஒலி ஒப்பந்தக்காரர் பற்றி. இப்பகுதிக் கோயில் கமிட்டிகள் ஒலி அமைப்பைத் தாங்களே ஏற்பாடு செய்வதால், அவர் கொண்டுவரும் மிக்ஸரில் நமக்கு வேண்டிய ஆக்ஸ்கள் இருக்குமா என்பதை எதிர்பார்த்து நிற்க முடியாது. அதனால் எக்ஸ்.ஆர். 18, டிரான்ஸ்மிட்டர், ரவுட்டர் மூன்றையும் ஒரே ரேக்கில் பொருத்தி, ஒவ்வொரு மைக்கையும் ஸ்ப்ளிட்டர் கேபிள் மூலம் இரண்டாகப் பிரித்து, ஒன்றை எங்கள் மிக்ஸருக்கும் மற்றதை அவருடைய மிக்ஸருக்கும் கொடுக்கிறோம். வெளி ஒலி அவர் பொறுப்பு, காதுக்குள் வருவது எங்கள் பொறுப்பு. யாருடைய கைவைப்பும் மற்றவரைப் பாதிப்பதில்லை. கண்டென்ஸர் மைக்குகளுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தை இரண்டு மிக்ஸர்களில் ஏதேனும் ஒன்றிலிருந்து மட்டும் கொடுக்க வேண்டும் என்பதை மேடை ஏறுமுன் அவரிடம் பேசி முடிவு செய்துகொள்கிறோம்.