காஃப்காவா, ராபிட் எம்க்யூவா, எஸ்க்யூஎஸ்ஸா? பெங்களூரு நிறுவனங்களுக்கு ஓர் ஒப்பீடு

கோரமங்களாவிலோ எச்எஸ்ஆர் லேஅவுட்டிலோ பத்துப் பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் வெள்ளைப் பலகையில்கூட, நடுவில் ஒரு பெட்டி போட்டுக் ‘காஃப்கா’ என்று எழுதியிருப்பார்கள். காஃப்கா, ராபிட் எம்க்யூ, எஸ்க்யூஎஸ் மூன்றும், ஒரு நிரல் அனுப்பும் செய்தியை இன்னொரு நிரல் எடுக்கும் வரை நடுவில் வைத்திருப்பவை. நாளுக்கு ஐம்பதாயிரம் இன்வாய்ஸ் அனுப்பக் காஃப்கா தேவையே இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் ஊழியர் வேன் ஓட்டுகிற நிறுவனம் ஜிபிஎஸ் தரவை ராபிட் எம்க்யூவின் சாதாரண க்யூவில் கொட்டிவிட்டு, போன வாரத் தரவைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வழியில்லாமல் நிற்பதும் உண்டு.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ஒருவர் வேலையை முடித்த பிறகு அந்தச் செய்தி வேறு யாருக்காவது வேண்டுமா? வேண்டாம் என்றால் க்யூ, வேண்டும் என்றால் ஸ்ட்ரீம். க்யூவில் வேலை முடிந்ததும் செய்தி அழிந்துவிடும். காஃப்கா கணக்குப் பேரேடு மாதிரி: எத்தனை பேர் படித்தாலும் வரி அங்கேயே இருக்கும், படித்தவர் எந்த வரி வரை வந்தார் என்ற ஆஃப்செட் எண் மட்டும் நகரும். அமைப்பை மாற்றாவிட்டால் 7 நாள் வைத்திருக்கும். ‘நொடிக்கு இத்தனை லட்சம்’ என்ற விளம்பரக் கணக்கையெல்லாம் இதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எஸ்க்யூஎஸ்

ஏற்கெனவே அமேசான் கிளவுடில் இருப்பவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. சர்வர் பராமரிப்பு கிடையாது. ஒரு செய்திக்கு அனுப்ப, எடுக்க, அழிக்க என்று மூன்று கோரிக்கை. நாளுக்கு ஐம்பதாயிரம் செய்தி என்றால் மாதம் 45 லட்சம் கோரிக்கை. முதல் 10 லட்சம் இலவசம், மீதிக்கு ஆகிற செலவு டீச் செலவைவிடக் குறைவு. ஆனால் காலியாக இருக்கும் க்யூவைத் தட்டிப் பார்ப்பதும் கோரிக்கைதான். நொடிக்குப் பத்து முறை தட்டும் ஒரே ஒரு வொர்க்கர் (செய்தியை எடுத்து வேலை செய்யும் நிரல்) மாதத்தில் இரண்டரைக் கோடி கோரிக்கையைத் தாண்டிவிடும். செய்தி வரும் வரை காத்திருக்கும் லாங் போலிங்கை அதன் உச்சமான 20 நொடிக்கு வைத்தால் இந்தச் செலவு காணாமல் போகும்.

அடிக்கடி சறுக்கும் இடம் விசிபிலிட்டி டைம்அவுட், அதாவது ஒரு வொர்க்கர் எடுத்த செய்தி மற்றவற்றுக்குத் தெரியாமல் இருக்கும் நேரம். இது இயல்பாக 30 நொடி. பிடிஎஃப் உருவாக்க 45 நொடி ஆகிறது என்றால், 31-வது நொடியில் அதே செய்தி இன்னொரு வொர்க்கர் கைக்குப் போய், வாடிக்கையாளருக்கு இரண்டு இன்வாய்ஸ் போகும். சர்வர் இல்லாமல் நிரலை ஓட்டித் தரும் அமேசானின் லாம்டா வைத்து எடுப்பவர்கள் லாம்டாவின் டைம்அவுட்டைப் போல ஆறு மடங்கு வைக்க வேண்டும் என்பது அமேசானின் பரிந்துரை.

இன்னொரு பொறி பலருக்குத் தெரிவதில்லை. ஸ்டாண்டர்ட் க்யூவிலிருந்து, பலமுறை முயன்றும் முடியாத செய்திகளை ஒதுக்கிவைக்கும் டெட் லெட்டர் க்யூவுக்குப் போகும் செய்தியின் வயது, அது முதலில் நுழைந்த நேரத்திலிருந்தே கணக்கிடப்படும். இரண்டு க்யூவிலும் செய்தியை வைத்திருக்கும் காலத்தை இயல்பான 4 நாளாகவே விட்டால், மூன்று நாள் தவித்த செய்தி டெட் லெட்டரில் ஒரு நாள்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை விழுந்தது திங்கட்கிழமை இருக்காது. டெட் லெட்டருக்கு 14 நாள் வைத்துவிடுங்கள், அதற்கு மேல் எஸ்க்யூஎஸ் அனுமதிக்காது.

வரிசை மாறக் கூடாது என்றால் ஃபைஃபோ க்யூ. சாதாரண நிலையில் நொடிக்கு 300 கோரிக்கை, பத்துப் பத்தாகக் கட்டி அனுப்பினால் 3,000 செய்தி.

ராபிட் எம்க்யூ

செய்தியை எங்கே திருப்புவது என்ற விதிகள் சிக்கலாக இருந்தால், கிளவுட் நிறுவனம் எதிலும் மாட்டிக்கொள்ள மனமில்லை என்றால் இதற்கு நிகரில்லை. 2007 முதல் இருக்கிறது, எர்லாங் மொழியில் எழுதியது. மேலாண்மைத் திரை ஒன்றே போதும், க்யூ எங்கே தேங்குகிறது என்று புதியவருக்கும் புரிந்துவிடும். காஃப்காவில் இப்படி ஒரு திரை கூடவே வராது, தனியாக நிறுவ வேண்டும்.

2024-ல் வந்த 4.0 பதிப்பில் பல சர்வரில் நகல் வைக்கும் பழைய மிரர்டு க்யூக்களை நீக்கிவிட்டார்கள். பழைய பாடம் படித்துவிட்டு அமைத்தால் ஓடாது. மூன்று நோடு (சர்வர்), பெரும்பான்மை நோடு ஏற்றால்தான் செய்தி பதிவாகும் குவோரம் க்யூ என்று தொடங்குங்கள். அதில் ஒரு செய்தி 20 முறைக்கு மேல் திரும்பி வந்தால் டெட் லெட்டருக்குப் போகும். டெட் லெட்டர் அமைக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் தூக்கி எறியப்படும்.

ஒரு வொர்க்கர் முடிக்காமல் ஒரே நேரத்தில் எத்தனை செய்தி வைத்திருக்கலாம் என்ற ப்ரீஃபெட்ச் எண்ணை நிரலில் எழுதாவிட்டால் வரம்பே கிடையாது. முதலில் இணைந்த வொர்க்கர் மொத்தச் செய்தியையும் விழுங்கிவிட, மற்றவை சும்மா நிற்கும். மெதுவான வேலைக்கு 1 முதல் 5, வேகமானதற்கு 50 என்று தொடங்கி அளந்து மாற்றலாம். நினைவகம் எல்லையைத் தொட்டால் ராபிட், செய்தி அனுப்பும் இணைப்புகளை நிறுத்திவிடும். அனுப்பவும் வாங்கவும் ஒரே இணைப்பை வைத்திருந்தால், வாங்கி முடித்ததற்கான ‘அக்’ என்ற ஒப்புகையும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். க்யூ வடியாது, நினைவகமும் குறையாது. இரண்டுக்கும் தனித்தனி இணைப்பு வைப்பது கட்டாயம். டிஸ்க் எச்சரிக்கை எல்லை இயல்பாக 50 எம்பிதான். நிஜ சர்வருக்கு அது வேடிக்கையான எண், ஜிபி கணக்கில் உயர்த்துங்கள்.

காஃப்கா

லிங்க்ட்இன்னில் பிறந்து 2011-ல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. வேன் கணக்குக்கு வருவோம். 2,000 வண்டி, பத்து நொடிக்கு ஒருமுறை 300 பைட். நொடிக்கு 200 செய்தி, 60 கேபி. நாளுக்கு ஏறக்குறைய 5 ஜிபி, ஏழு நாளுக்கு 36, மூன்று பிரதி வைத்தால் 110 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. காஃப்காவுக்கு இது தூசு. அதே ஓட்டத்தை வரைபடம், பில்லிங், பாதுகாப்பு எச்சரிக்கை மூன்றும் தனித்தனி வேகத்தில் படிக்கலாம். பில்லிங்கில் பிழை என்றால் அதன் ஆஃப்செட்டை மட்டும் திங்கட்கிழமை இருந்த இடத்துக்குப் பின்னோக்கி நகர்த்தி மறுபடி ஓட்டலாம். இதற்காகத்தான் காஃப்கா.

வேலைப் பட்டியலாகப் பயன்படுத்தும்போதுதான் அது கடிக்கிறது. கன்ஸ்யூமர், அதாவது செய்தியைப் படிக்கும் நிரல், ஒரு முறைக்கு 500 செய்தி வரை எடுக்கும், 5 நிமிடத்துக்குள் அடுத்த முறை எடுக்க வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி ஆகும் எஸ்எம்எஸ் வேலை என்றால் 500 நொடி. 300-வது நொடியில் காஃப்கா அந்தக் கன்ஸ்யூமரை இறந்ததாக முடிவு செய்து, அது படித்த பார்ட்டிஷனை (செய்தி ஓட்டத்தின் ஒரு பகுதி) இன்னொருவரிடம் கொடுத்துவிடும். அவரும் அதே 500-ஐ முதலிலிருந்து தொடங்குவார், அவருக்கும் அதே கதி. லேக் (படிக்காமல் தேங்கியது) குறையவே குறையாது, வாடிக்கையாளருக்கோ எஸ்எம்எஸ் வந்துகொண்டே இருக்கும். ஒரு முறைக்கு எடுக்கும் அளவை 50 ஆக்கினால் நிற்கும்.

ஒரு செய்தி கெட்டிருந்தால் அந்தப் பார்ட்டிஷனில் பின்னால் நிற்பதெல்லாம் தேங்கும். வழக்கமான கன்ஸ்யூமரில் டெட் லெட்டர் வசதி கிடையாது, அதற்கென்று தனி டாபிக்கும் (பெயரிட்ட செய்தி ஓட்டம்) நிரலும் நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரே ஓட்டத்தைப் பங்கிட்டுப் படிக்கும் ஒரு கன்ஸ்யூமர் குரூப்பில் பார்ட்டிஷன் எண்ணிக்கைக்கு மேல் எத்தனை வொர்க்கர் சேர்த்தாலும் மிச்சம் சும்மா இருக்கும். இந்தக் குறைகளுக்காகவே ஷேர் குரூப் என்ற வசதி 2025-ல் வந்த 4.0-வில் சோதனை நிலையில் அறிமுகமானது. பார்ட்டிஷனைக் கூட்டலாம், குறைக்க முடியாது. கூட்டினால் ஒரே வண்டி எண் வேறு பார்ட்டிஷனுக்குப் போய் வரிசை குலையும். 12 என்று தொடங்கினால் 2, 3, 4, 6 வொர்க்கருக்குச் சமமாகப் பிரியும், நடுத்தர நிறுவனத்துக்கு நெடுநாள் தாங்கும்.

பிரதி மூன்று, எழுதும் நேரத்தில் ஒத்திசைந்திருக்க வேண்டிய குறைந்தபட்சப் பிரதி இரண்டு, ஒத்திசைந்த பிரதிகள் எல்லாம் எழுதிய பிறகே ஒப்புகை தரும் அக்ஸ் ‘ஆல்’. இதில் பேரம் பேச வேண்டாம். செலவை மிச்சம் பிடிக்க இரண்டு பிரதியும் ஒத்திசைவு இரண்டும் வைத்தால், ஒரு புரோக்கரை (காஃப்கா சர்வர்) அப்டேட் செய்ய நிறுத்தும்போதே எழுதுவது நின்றுபோகும்.

பில்லில் எதிர்பாராமல் வருவது அமேசானின் மும்பை ரீஜனில் மண்டலங்களுக்கு (தனித்தனி டேட்டா சென்டர் தொகுதிகள்) இடையிலான நெட்வொர்க் கட்டணம். சொந்தமாக ஈசி2 என்ற வாடகை சர்வரில் ஓட்டினால் ஒவ்வொரு பைட்டும் இரண்டு மண்டலத்துக்கு நகலாகும், படிப்பவரும் வேறு மண்டலத்தில் இருந்தால் இன்னொரு முறை. அமேசானே காஃப்காவை நடத்தித் தரும் எம்எஸ்கே எடுத்தால் புரோக்கர்களுக்கு இடையிலான நகலுக்குக் கட்டணமில்லை. 4.0-வில், கூடவே ஓட்ட வேண்டியிருந்த ஒருங்கிணைப்பு மென்பொருளான ஸூகீப்பர் போய்விட்டதால் நிறுவுவது எளிதாகிவிட்டது, ஆனால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பது மாறவில்லை. அந்த ஆள் இல்லாத நிறுவனம் சொந்தமாக ஓட்டக் கூடாது.

மற்றவை

கினெசிஸ் (அமேசானின் ஸ்ட்ரீம் சேவை): ஒரு ஷார்டு, அதாவது ஓட்டத்தின் ஒரு பகுதி, நொடிக்கு 1,000 செய்தி அல்லது 1 எம்பி வாங்கும். நமது வேன் கணக்கு ஒரே ஷார்டில் அடங்கும். ஆனால் இயல்பாக 24 மணி நேரம்தான் வைத்திருக்கும், முதல் நாளே நீட்டிவிடுங்கள். நாட்ஸ் ஜெட்ஸ்ட்ரீம் சிறியது, வேகமானது, ஆனால் தெரிந்த ஆள் கிடைப்பது கடினம். பல்சர் நல்ல வடிவமைப்பு, பராமரிக்க வேண்டிய பாகங்கள் சின்னக் குழுவுக்கு அதிகம். நாளுக்குச் சில ஆயிரம் வேலைதான் என்றால் இருக்கிற போஸ்ட்கிரெஸ் டேபிளே போதும், வேறு வொர்க்கர் பூட்டி வைத்திருக்கும் வரியைத் தாண்டி அடுத்ததை எடுக்கும் ‘ஸ்கிப் லாக்டு’ அதில் 9.5 பதிப்பிலிருந்து இருக்கிறது.

பீன்யா தொழிற்பேட்டை மாதிரி இடங்களில் இயந்திர சென்சார்களை நேராகக் காஃப்காவோடு இணைக்காதீர்கள். பெஸ்காம் மின்சாரம் போனாலோ இணையம் அறுந்தாலோ தரவு அங்கேயே தொலையும். யுபிஎஸ்ஸில் ஓடும் ஒரு சிறு கணினியில் சென்சார்களுக்கேற்ற எம்க்யூடிடி நெறிமுறையில் ஓடும் மஸ்கிட்டோ போன்ற புரோக்கர் வைத்து, செய்திகளை டிஸ்க்கில் தேக்கி, இணைப்பு வந்ததும் மேலே அனுப்புங்கள். ‘குறைந்தது ஒரு முறை சேரும்’ என்ற க்யூஓஎஸ் 1 நிலையில் ஒரே செய்தி இரண்டு முறை வரலாம்.

இரண்டு முறை வருவது எதை வாங்கினாலும் இருக்கும். காஃப்காவின் ‘எக்ஸாக்ட்லி ஒன்ஸ்’ காஃப்காவுக்குள்ளிருந்து காஃப்காவுக்குள் எழுதும் வரைக்கும்தான், வெளியே போகும் எஸ்எம்எஸ்ஸையோ பணம் பிடிப்பதையோ அது காக்காது. ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் கொடுத்து, டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு யுனிக் கட்டுப்பாடு வையுங்கள். ஆர்டரைச் சேமிப்பதும் செய்தி அனுப்புவதும் ஒன்று நடந்து ஒன்று நடக்காமல் போகாமலிருக்க, செய்தியையும் அதே டிரான்சாக்ஷனில் அவுட்பாக்ஸ் டேபிளில் எழுதி, தனி நிரல் ஒன்று அங்கிருந்து அனுப்பட்டும்.

பணப் பரிவர்த்தனைத் தரவு என்றால் 2018 ஏப்ரலில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும். மும்பை, ஹைதராபாத் ரீஜன் எடுத்தால் மட்டும் போதாது. பராமரிப்பையும் விற்பவரே பார்த்துக்கொள்ளும் சேவை வாங்கினால் பேக்அப் எந்த ரீஜனில் விழுகிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்துக்கு முன், சோதனைக் கிளஸ்டரில் உங்கள் உச்ச நேரச் சுமையைப் போல இரண்டு மடங்கு ஓடவிட்டு, ஒரு நோடை நடுவில் நிறுத்துங்கள். அனுப்பிய எண்களையும் வந்து சேர்ந்த எண்களையும் ஒப்பிட்டு, எத்தனை தொலைந்தது, எத்தனை இரட்டித்தது, லேக் வடிய எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொண்ட பிறகு விலை பேசுங்கள்.