சிங்கப்பூர் – நியூயார்க்: இடையில் இறங்காமல் 15,300 கி.மீ.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சாங்கி (சிங்கப்பூர் விமான நிலையம்)–ஜே.எஃப்.கே. (நியூயார்க் விமான நிலையம்) நேரடி விமானத்துக்கு தூரம் சுமார் 15,300 கி.மீ., அட்டவணை நேரம் ஏறக்குறைய 18 மணி 40 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் சேர்த்தி, ஆகவே வானில் இருப்பது கொஞ்சம் குறைவு. காற்றைப் பொறுத்து பாதையே மாறும். நியூயார்க்கில் இறங்கி இணைப்பு விமானம் பிடிப்பதானால் 3 மணி நேரமாவது விடுங்கள், குடிவரவுச் சோதனையும் அங்கேதான்.

ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். (மிக நெடுந்தூர வகை) விமானம், 161 இருக்கைதான். எகானமி கிடையாது. அதற்கு ஒரு படி மேலான பிரீமியம் எகானமியில் வரிசைக்கு 2-4-2 இருக்கை அமைப்பு. கடைசி 3 வரிசைகளில் மட்டும் ஜன்னலோரம் ஒற்றை இருக்கை, சுவரோரம் பை வைக்க மூடிபோட்ட பெட்டி. தனியாகப் போகிறவர் கூடுதல் காசு கொடுத்தாவது இதைப் பிடிக்கலாம்: யாரையும் எழுப்பாமல் நடக்க முடியும். கேபின் காற்று வறண்டது, தண்ணீர் கேட்டுக்கொண்டே இருங்கள்.