நாவல் படமாகும் முன் உங்கள் ஓவியங்களைக் கேட்டு வருபவர்கள்: ரசிகர் ஓவியர்களுக்கு ஓர் எச்சரிக்கை

புகழ்பெற்ற நாவல் ஒன்று திரைப்படமாகப் போகிறது என்ற செய்தி வந்ததுமே, அதன் பாத்திரங்களை வரைந்து வைத்திருக்கும் ரசிகர் ஓவியர்களைத் தேடிச் சிலர் கிளம்பிவிடுகிறார்கள். படம் வருவதற்குள் வாசகர்களின் ஓவியங்களைத் தொகுத்து அழகான புத்தகமாக வெளியிடப் போகிறோம் என்பார்கள். அச்சுச் செலவில் ஒரு பங்கையும், ஓவியத்தின் மூலக்கோப்பையும் வாங்கிக்கொள்வார்கள். புத்தகம் வராது, ஆனால் ஓவியங்கள் மட்டும் டி-சர்ட்டிலும் காபிக் கோப்பையிலும் ஏறி விற்பனைக்கு வந்துவிடும். 2022ஆம் ஆண்டு பொன்னியின் செல்வன் முதல் பாகம் வெளிவருவதற்கு முந்தைய மாதங்களில் எனக்கும் எனக்குத் தெரிந்த வேறு சில ஓவியர்களுக்கும் இதுதான் நடந்தது. இப்போது இன்னொரு நாவலை முன்னிறுத்தி அதே வாசகங்களுடன் ஓர் அழைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருப்பதால், நடந்ததை முழுமையாக எழுதி வைக்கிறேன்.

இந்த ஏமாற்று ஏன் படம் வருவதற்கு முன்பே நடக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது மணியம் வரைந்தார். பின்னர் மறுபடி மறுபடி வெளியானபோது வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். ஆயினும் நந்தினிக்கு இதுதான் முகம் என்று யாரும் முடிவாகச் சொல்லிவிட முடியாத நிலை எழுபது ஆண்டுகள் நீடித்தது. நந்தினியின் முகம் முழுநிலவைப் போல் வட்டமானது, குந்தவையின் முகமோ சற்றே நீள்வாட்டமானது, நந்தினி ஆண்டாளைப் போலக் கொண்டையிட்டிருந்தாள் என்று கல்கி வரிவரியாகச் சொல்லியிருக்கிறார்; பெரிய பழுவேட்டரையருக்கு அறுபத்து நான்கு விழுப்புண்களைக் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் உள்ளதெல்லாம் வரைபவரின் வாசிப்பு. அதனால்தான் ஒருவர் வரைந்த வந்தியத்தேவன் இன்னொருவர் வரைந்த வந்தியத்தேவனைப் போல இருப்பதில்லை. படப்பிடிப்பு 2019 டிசம்பரில் தாய்லாந்தில் தொடங்கியது; 2022 ஜூலையில் பாத்திரங்களின் சுவரொட்டிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. இடைப்பட்ட அந்தக் காலத்தில் தமிழில் ரசிகர் ஓவியம் பெருகியதைப் போல அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சுவரொட்டிகள் வந்த பிறகு பலரும் நடிகர்களின் முகங்களையே வரையத் தொடங்கினார்கள். அது இயல்பானது, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் நாவலைப் படித்து மனத்தில் எழுந்த முகத்துக்கு மதிப்பிருந்தது சுவரொட்டி வரும் வரையில்தான் என்பதால், அதை வைத்துப் பணம் பார்க்க நினைப்பவர்களும் அந்தக் காலத்திலேயே அவசரப்படுத்திக்கொண்டு வந்தார்கள்.

என்னிடமிருந்து போனவை நான்கு ஓவியங்கள். பனைமர இலச்சினை பொறித்த பல்லக்கின் திரையை விலக்கும் நந்தினி, பழையாறை அரண்மனையில் குந்தவை, வீராணம் ஏரிக்கரையில் குதிரைமேல் வந்தியத்தேவன், கோடிக்கரையில் படகோட்டும் பூங்குழலி. ஒவ்வொன்றிலும் ஆடைக்கும் அணிகளுக்கும் நான் எடுத்துக்கொண்ட உழைப்பு மிகுதி. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றுப் பாதையில், நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியிலிருந்து 1931இல் வெளிப்பட்ட சோழர் கால ஓவியங்களின் அச்சுப்பதிப்புகளைப் பார்த்துத்தான் கொண்டை வகைகளையும், தோள்வளைகளையும், இடையாடை மடிப்புகளையும் வரைந்தேன். சோழ அரசி செம்பியன் மாதேவியைக் குறிப்பதாகப் பலரும் கருதும் செப்புத்திருமேனியின் நிழற்படத்தை மேசைமீது ஒட்டிவைத்திருந்தேன். பத்தாம் நூற்றாண்டில் இல்லாத ஒரு நகை அவர்கள் கழுத்தில் ஏறிவிடக் கூடாது என்பதில் எனக்கு அத்தனை கவனம் இருந்தது. பின்னால் நடந்தது ஏன் இவ்வளவு வலித்தது என்பது புரியவே இதைச் சொல்கிறேன்.

தொகுப்பாளர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். கல்கியின் வரிகளை மனப்பாடமாகச் சொன்னார். ஒவ்வொரு ஓவியரிடமும் 2,000 ரூபாய் அச்சுப் பங்காகப் பெறுவதாகவும், படம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பே புத்தகம் வந்துவிடும் என்றும், இரண்டு பிரதிகளும் விற்பனையில் ஒரு பங்கும் கிடைக்கும் என்றும் சொன்னார். பிறகு, ஏ3 அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தரத்தில், லேயர்கள், அதாவது முகம், ஆடை, பின்னணி என்று தனித்தனியாக வரைந்த அடுக்குகள், பிரிந்த நிலையிலேயே கோப்பு வேண்டும் என்றார். ‘அச்சகத்தில் நிறத்தைத் திருத்த லேயர் இல்லாமல் முடியாது மேடம்’ என்பது அவர் சொன்ன காரணம். இது உண்மையல்ல என்பதை ஒவ்வொரு ஓவியரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ3 பக்கத்தை அச்சிட, லேயர்கள் அனைத்தும் ஒன்றாக்கப்பட்ட, 3508க்கு 4961 பிக்சல் அளவுள்ள ஒரே படம் போதுமானது. நிறத் திருத்தத்தையும் அதிலேயே செய்துகொள்ளலாம். லேயர்கள் பிரிந்த கோப்பு வேண்டியிருப்பது, கையொப்பத்தை நீக்கவும், பின்னணியை மாற்றவும், முகத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறு முகத்தைப் பொருத்தவும் நினைப்பவர்களுக்குத்தான்.

ஜூலையில் சுவரொட்டிகள் வெளிவந்த வாரத்தில் அவர் மறுபடி அழைத்தார். முகங்களை நடிகர்களின் சாயலில் மாற்றித் தர முடியுமா, வாசகர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்றார். என் நந்தினி கல்கியின் வரிகளிலிருந்து வந்தவள், அவள் முகத்தை மாற்ற எனக்கு விருப்பமில்லை என்று பதில் எழுதினேன். அத்துடன் பேச்சு நின்றது. புத்தகத்தைப் பற்றிக் கேட்ட செய்திகளுக்கெல்லாம் தாள் விலை, அச்சகத்தில் நெருக்கடி என்று பதில்கள் வந்தன. பின்னர் அவையும் நின்றன. செப்டம்பர் 30 அன்று படம் வெளியானது, புத்தகம் வரவேயில்லை.

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓவியக் கல்லூரியில் படிக்கும் மாணவி ஒருத்தி, அவளும் அந்தத் தொகுப்புக்குப் பணம் கட்டியவள், ஒருநாள் ஓர் இணைப்பை அனுப்பி, ‘அக்கா, இந்தப் பல்லக்கு உங்களுடையதுதானே?’ என்று கேட்டாள். என்னுடையதுதான். இணையக் கடை ஒன்றில் மொபைல் உறையாகவும், சாவிக்கொத்தாகவும், சுவர்ப்படமாகவும் விற்றுக்கொண்டிருந்தார்கள். பனைமர இலச்சினையும், திரையைப் பற்றியிருக்கும் விரல்களும், சுவரோவியத்தைப் பார்த்து நான் வரைந்த தோள்வளையும் அப்படியே இருந்தன. முகம் மட்டும் நடிகையின் சுவரொட்டியிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. கழுத்தில் நிறம் பொருந்தாத கோடுகூடத் தெரிந்தது. என் கையொப்பம் இருந்த மூலையில் கடையின் முத்திரை இருந்தது. அந்த மாணவியின் பூங்குழலிக்கும் அதே கதிதான். அவள் அந்த 2,000 ரூபாயைத் தன் விடுதிச் செலவிலிருந்து மிச்சம் பிடித்துக் கட்டியிருந்தாள். எனக்கு நேர்ந்ததைவிட அவளுக்கு நேர்ந்ததற்காகவே நான் அதிகம் வருந்துகிறேன்.

கேட்டபோது அந்தத் தொகுப்பாளர் கொடுத்த விளக்கத்தைப் பலரும் நம்பிவிடுகிறார்கள் என்பதால் அதை விரிவாக மறுக்கிறேன். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, ஆகவே அதை வைத்து வரைந்த ஓவியங்களும் பொதுச்சொத்துதான் என்றார் அவர். இது முழுப் பொய். நாட்டுடைமையானது கல்கியின் எழுத்து. அதை யாரும் அச்சிடலாம், அதிலிருந்து யாரும் வரையலாம். ஆனால் அதைப் படித்து ஒருவர் சொந்தமாக வரைந்த ஓவியம் தனிப் படைப்பு, அதன் பதிப்புரிமை வரைந்தவருடையது. நம் நாட்டில் ஓவியத்தின் பதிப்புரிமை வரைந்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. 1954இல் மறைந்த கல்கியின் எழுத்தை இன்று யாரும் வெளியிடலாம் என்பதால், 1968இல் மறைந்த மணியத்தின் ஓவியங்களையும் யாரும் எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. எழுத்துக்கு ஒரு கணக்கு, ஓவியத்துக்கு வேறு கணக்கு.

கோப்பை அனுப்பியதே உரிமையைக் கொடுத்ததாகும் என்பது அவருடைய அடுத்த வாதம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவில், உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், உரிமையாளரின் கையொப்பத்துடன் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. நான் எதிலும் கையொப்பமிடவில்லை. 57ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூட, இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயருக்கு இழுக்கு வரும்படி அதைச் சிதைப்பதை எதிர்க்கவும் படைத்தவருக்கு உரிமை உண்டு. முகத்தை வெட்டிவிட்டு வேறு முகத்தை ஒட்டுவதைவிடப் பெரிய சிதைப்பு எதுவென்று எனக்குத் தெரியவில்லை. நடிகர்களின் முகத்தை அனுமதியில்லாமல் பொருள்களில் அச்சிட்டு விற்பது தனிக் குற்றச்சாட்டு. 2025 செப்டம்பரில் ஐஸ்வர்யா ராயின் பெயரையும் உருவத்தையும் அவர் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதற்கு டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அத்தகைய பொருளில் உங்கள் ஓவியமும் சேர்ந்து இருந்தால், கேள்வி உங்களை நோக்கியும் வரக்கூடும்.

பணம் வாங்கிக்கொண்டு வரைந்து கொடுப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக ஓர் ஓவியத்தை வரையச் சொன்னால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத நிலையில், அதன் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான் என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே கமிஷன் வேலை எடுக்கும்போது, பதிப்புரிமை என்னிடமே இருக்கும், இன்ன பயனுக்கு மட்டும் அனுமதி தருகிறேன் என்று இரண்டு வரி எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் பணம் கொடுத்ததே நான்தான் என்பதால் அந்தப் பிரிவும் அவருக்கு உதவவில்லை.

நான் செய்தவற்றில் பலன் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். ஓவியத்தின் மூலக்கோப்பு, நான் வரையும் செயலியான புரோக்ரியேட் தானாகவே பதிவு செய்திருந்த வரையும் காணொளி, அவருடன் நடந்த உரையாடல், யுபிஐ மூலம் பணம் அனுப்பிய சான்று ஆகியவற்றை இணைத்து, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன். பதிப்புரிமை மீறல் குறித்து முறையான புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் அந்தப் பொருளைப் பார்வைக்குக் கிடைக்காமல் செய்ய வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் இருக்கிறது. அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதியதும் தளம் நீக்கிவிட்டது. வேறு கடைப் பெயரில் மறுபடி ஏற்றினார்கள், மறுபடி நீக்க வைத்தேன். 21 நாள்களுக்குள் நீதிமன்றத்தின் தடை உத்தரவைக் கொண்டுவந்து காட்டாவிட்டால் தளம் அதைத் திரும்பவும் காட்டலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பணம் திரும்பி வரவில்லை. சைபர் குற்றப் பிரிவின் 1930 எண்ணைப் பணம் போன உடனே அழைத்தால்தான் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பிருக்கிறது. எங்கள் விஷயத்தில் ஏமாற்று வெளிப்பட்டபோது மாதங்கள் கடந்திருந்தன.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும், விற்க நினைக்கும் ஓவியத்தை 500 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்து வைத்தால் வழக்கில் அது முதல் சான்றாக நிற்கும். பொருள்களில் பயன்படும் ஓவியமானால் கட்டணம் 2,000 ரூபாய்.

இப்போது சுற்றும் அழைப்பு, படமாகும் என்று பேசப்படும் வேள்பாரி நாவலின் ஓவியங்களைக் கேட்கிறது. அதன் ஆசிரியர் சு. வெங்கடேசன் நம்மிடையே வாழ்பவர். நாவல் நாட்டுடைமை ஆனதல்ல. அதன் உரிமை தம்மிடம் இருப்பதாக இயக்குநர் ஷங்கர் 2024 செப்டம்பரில் வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறார். அதன் பாத்திரங்களை ஆசையாக வரைந்து பகிர்வது வேறு. தொகுத்து விற்பதற்கு உரிமையாளர்களின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தை அழைப்பவரிடம் கேளுங்கள். அழைப்பில் பங்குத்தொகையும், ஏ3 அளவும், லேயர்கள் பிரிந்த கோப்பும் கேட்கப்பட்டிருப்பதை நானே படித்தேன். காட்டுவதற்கென்று 1000 பிக்சலுக்கு மிகாத, குறுக்கே வாட்டர்மார்க் இட்ட படத்தைத் தவிர எதையும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள், என் ஓவியத்தைப் பயன்படுத்த அனுமதி தரவில்லை, கோப்பை அழித்துவிட்டு உறுதி செய்யுங்கள் என்று தேதியுடன் இன்றே எழுதி அனுப்பி, அந்தச் செய்தியின் திரைப்பிடிப்பைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.