777இல் தொடங்கி: லினக்ஸ் அனுமதிகளோடு பன்னிரண்டு வருடம்

வேலை மேசையிலும் நான் பார்த்துக்கொள்ளும் இரண்டு சர்வர்களிலும் பன்னிரண்டு வருடமாக லினக்ஸ்தான். ஆரம்பத்தில் 'பெர்மிஷன் டினைடு' என்று வந்தால் யோசிக்கவே மாட்டேன், யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று திறந்துவிடும் 777 என்ற அனுமதி எண்ணைப் போட்டுவிடுவேன். படங்கள் ஏற்றும் ஃபோல்டர் ஒன்று அப்படியே கிடந்தது. அதே சர்வரில் இடம் வாங்கியிருந்த வேறொருவரின் தளத்தை யாரோ உடைத்து, அங்கிருந்து என் ஃபோல்டருக்குள் ஒரு பிஎச்பி கோப்பை வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் தூக்கம் போனது.

அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். நெடுநாள் நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்த விஷயம் ஒன்று: கோப்பை அழிக்க அந்தக் கோப்பின் அனுமதி தேவையில்லை, அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் உரிமை போதும். எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கான ரூட்டின் கோப்பு, அதன் உரிமையாளர் மட்டுமே படித்து எழுதும்படி 600 என்று பூட்டியிருந்தாலும், ஃபோல்டர் என்னுடையது என்றால் தூக்கிவிடலாம். எல்லோரும் எழுதும் டெம்ப் ஃபோல்டர் 777 இல்லாமல் 1777ஆக இருப்பது இதனால்தான். முன்னால் நிற்கும் அந்த 1, அடுத்தவர் கோப்பில் கை வைக்கவிடாது.

சரி, எண்களைச் சரியாகப் போட்டால் போதுமா என்றால், இல்லை. யார் இயக்கினாலும் ரூட்டாக ஓடும் செட்யுஐடி நிரல்கள் இருக்கின்றன. கடவுச்சொல் மாற்ற அப்படி ஒன்று வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 2022 ஜனவரியில் போல்கிட் என்ற அனுமதி மென்பொருளின் பிகேஎக்ஸெக் என்ற செட்யுஐடி நிரலில் ஓட்டை இருப்பது வெளியானபோது வயிற்றைக் கலக்கியது. அதை ஒரு ஆர்க்யுமென்ட்கூட (அழைக்கும்போது நிரலுக்குக் கொடுக்கும் சொல்) இல்லாமல், தன் பெயரும் இல்லாமல் அழைத்தால் சுற்றுச்சூழல் மாறியை (நிரல் ஓடும் சூழலிலிருந்து அதற்குக் கிடைக்கும் அமைப்பு மதிப்பு) ஆர்க்யுமென்ட் என்று நினைத்துக்கொள்ளும். சாதாரணப் பயனர் ரூட் ஆகிவிடலாம். 2009இலிருந்து அப்படியே இருந்திருக்கிறது! பேட்ச் வரும்வரை அதை ரூட்டாக ஓடவைக்கும் செட்யுஐடி பிட்டை எடுத்துவிட்டு, அனுமதியைச் சாதாரண 0755 ஆக்கினேன். என் சர்வர்களில் எதுவும் நிற்கவில்லை. அப்படியென்றால் அது அங்கே எதற்கு இருந்தது?

அந்த மார்ச்சிலேயே டர்ட்டி பைப் என்ற இன்னொரு ஓட்டை. படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பின் நினைவகப் பிரதியில் எழுத முடிந்தது. கோளாறு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருந்ததால் அனுமதி எண்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 5.8 முதல், திருத்தம் வரும்வரையிலான கெர்னல்களுக்குத்தான் ஆபத்து இருந்தது. புதுப்பித்து வைத்திருந்த சர்வர் மாட்டிக்கொண்டது, சோம்பலால் 4.19இலேயே விட்டிருந்தது தப்பித்தது. சோம்பலுக்கு இதைச் சாட்சியாகக் காட்ட வேண்டாம்.

விண்டோஸ் மடிக்கணினியும் விலக்கல்ல. 2021 ஜூலையில் கடவுச்சொல் ஹேஷ்கள் (கடவுச்சொற்களின் உருமாற்றிய வடிவம்) உள்ள சாம் கோப்பைச் சாதாரணப் பயனரும் படிக்கலாம் என்று தெரிந்தது. அனுமதியைத் திருத்தியதோடு வேலை முடியவில்லை, விண்டோஸ் எடுத்துவைத்திருந்த பழைய பிரதிகளான ஷேடோ காப்பிகளையும் அழிக்க வேண்டியிருந்தது.

இப்போது மாதம் ஒருமுறை செட்யுஐடி கோப்புகளைப் பட்டியலெடுத்து முந்தையதோடு ஒப்பிடுகிறேன். போன முறை புதிதாக ஒரு பெயர். பிரிண்டர் மென்பொருளோடு வந்திருக்கிறது. பிட்டை எடுத்துவிட்டேன், பிரிண்டர் இன்னும் அச்சடித்துக்கொண்டுதான் இருக்கிறது.