மலைப் படங்களை நண்பர்களுக்குள் பகிர்வது: வாட்ஸ்அப் குரூப்பும் கூகுள் ஆல்பமும், பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

நீலகிரியில் எந்த நண்பர் வட்டத்தை எடுத்தாலும் கோத்தகிரி, குன்னூர், ஊட்டியில் பாதிப் பேர் இருப்பார்கள். வேலைக்காகக் கோவை, திருப்பூர், பெங்களூர் என்று இறங்கிப் போனவர்கள் மீதிப் பேர். கல்யாணம், படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை, மே மாத மலர்க் கண்காட்சி, மார்கழி உறைபனி என்று வருடம் முழுக்கப் படம் சேர்ந்துகொண்டே இருக்கும். எங்கே போடுவது என்று கேட்டால் யோசிக்காமல் வரும் பதில் வாட்ஸ்அப் குரூப். உடனே காட்டுவதற்கு அதைவிட வசதி கிடையாது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூன்று வருடம் கழித்து அதே படத்தைத் தேடும்போதும், பிரேம் போடப் பிரின்ட் எடுக்கும்போதும்தான் சிக்கல் தெரியும். குரூப் படம் காட்ட மட்டும். சேர்த்து வைக்க ஒரு கூகுள் போட்டோஸ் ஆல்பம் தனியாக வேண்டும்.

முதலில் தரம். 12 மெகாபிக்சல் போன் படம் சுமார் 4000 × 3000 பிக்சல். கோப்பு 3லிருந்து 6 எம்பி வரை இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சலுக்குச் சுருங்கி, சில நூறு கேபி ஆகிவிடும். பிக்சல் கணக்கில் ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். போன் திரையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 4 × 6 அங்குலப் பிரின்டுக்கும் ஒப்பேறிவிடும். 8 × 12 அங்குலத்துக்குப் போட்டால் அங்குலத்துக்கு 133 பிக்சல்தான் வரும். ஸ்டூடியோக்காரர் 300 கேட்பார். முகம் மெழுகு பூசின மாதிரி இருக்கிறது என்று பிரின்ட் போட்டவரைக் கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. அவர் என்ன செய்வார், வந்த கோப்பே அப்படி.

மலைப் படங்களுக்கு இதில் கூடுதல் அடி. போன் படங்களுக்கு வழக்கமான ஜேபெக் வடிவத்தின் சுருக்கம் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு முக்கியமில்லாத நுணுக்கத்தைக் கழித்துவிடுகிறது. பனிமூட்டத்தில் வெள்ளை மெல்ல மெல்லச் சாம்பலாக மாறும் இடத்தில் அந்தக் கழித்தல் அப்பட்டமாகத் தெரியும்: வழவழப்பாக இருந்த மூட்டம் படிப்படியாகக் கோடு விழுந்து பட்டை பட்டையாக நிற்கும். சோலைக்காட்டுப் படத்தில் இதற்கு நேர் எதிர். ஆயிரக்கணக்கான சின்ன இலைகளை அவ்வளவு சிறிய கோப்புக்குள் அடக்க முடியாமல் பச்சை முழுக்கக் குழைந்து போகும். தேயிலைத் தோட்டத்தில் வரிசைகள் தெரியும், கொழுந்து தெரியாது. தொட்டபெட்டாவிலிருந்து எடுத்த மூட்டப் படம் ஒன்றைச் சாதாரணமாகவும் டாக்குமென்டாகவும் ஒருவருக்கே அனுப்பி, இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தால் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

2023 ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் கூடுதல் தரத்தில் அனுப்பும் ஹெச்டி வசதி வந்தது. படத்தைத் தேர்ந்தெடுத்ததும் மேலே தெரியும் ‘ஹெச்டி’ குறியைத் தொட வேண்டும். ஒவ்வொரு முறையும் தொட மறந்துவிடும் என்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா போய், மீடியா அப்லோட் குவாலிட்டியில் ஹெச்டியை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். நல்ல முன்னேற்றம்தான், ஆனாலும் அதுவும் சுருக்கத்தான் செய்கிறது. எடுத்த படம் எடுத்தபடியே போக வேண்டுமானால் இணைப்புக் குறியைத் தொட்டு, டாக்குமென்ட், கேலரி என்று போய் அனுப்ப வேண்டும். ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகும். டெலிகிராமிலும் இதே கதை: படமாக அனுப்பினால் சுருங்கும், கோப்பாக அனுப்பினால் சுருங்காது. ஐபோன்காரர்கள் டாக்குமென்டாக அனுப்பும்போது ஹெச்இஐசி என்ற வேறு பட வடிவில் போய்ச் சேரும், பழைய ஆண்ட்ராய்டு போனிலும் விண்டோஸிலும் திறக்காமல் அடம்பிடிக்கும். ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ வைத்துவிட்டால் அடுத்து எடுப்பதெல்லாம் ஜேபெக்காக வரும்.

தரத்தைவிடப் பலர் கவனிக்காதது தேதியும் இடமும். போன் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்று ஒரு குறிப்பு உட்கார்ந்திருக்கும்: எடுத்த நேரம், போன் மாடல், லொக்கேஷன் ஆனில் இருந்தால் ஜிபிஎஸ் புள்ளி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இது கழன்றுவிடுகிறது. டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே கூடவே போகிறது. இரண்டிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

கழன்றுவிடுவதால் வரும் தொல்லைக்குக் கரடிப் படங்களே சாட்சி. கோத்தகிரி, குன்னூர் தெருக்களில் கரடியும் காட்டெருமையும் நடமாடுவது புதிதல்ல. யாரோ ஒருவர் குரூப்பில் படம் போடுவார்; அதை நாலு பேர் நாலு குரூப்புக்குத் தள்ளுவார்கள்; அடுத்த வருடம் அதே படம் ‘இப்போது’ என்று திரும்பி வரும். படத்துக்குள் தேதி இல்லாததால் சரிபார்க்க வழியில்லை. இதற்கு ஒரே மருந்து, படத்தின் கீழேயே தேதி, நேரம், ஊர், தெரு நான்கையும் எழுதுவது. ‘கரடி, பார்த்துப் போங்க’ என்று மட்டும் போட்டால் விடிகாலையில் பால் வாங்கப் போகிறவருக்கு எந்தப் பயனும் இல்லை.

குறிப்பு கூடவே போவதன் ஆபத்து வேறு. சோலை ஓரத்தில் பூத்த ஒரு ஆர்க்கிட், வரையாடு மேயும் சரிவு, குறிஞ்சி பூத்த குன்று, எதுவாக இருந்தாலும் அந்தப் புள்ளியை மேப்பில் போட்டால் சில மீட்டர் வித்தியாசத்தில் நேராகக் கொண்டுபோய் நிறுத்தும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006லும் 2018லும் பூத்தது, அடுத்தது 2030. அதற்குள் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் சரிவுகள் மிதிபடாமல் தப்பும். ‘குன்னூர் பக்கம்’, ‘அவலாஞ்சி போகிற வழி’ அளவில் சொன்னால் நண்பர்களுக்குப் போதும். வீட்டுப் படங்களுக்கும் இதையே சொல்வேன்: வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போயிருக்கும்போது அங்கிருந்து படம் போடுவதும், வீட்டின் புள்ளியோடு பழைய படத்தை டாக்குமென்டாக அனுப்புவதும் சேர்ந்தால் நல்லதில்லை. ஆண்ட்ராய்டில் கேமரா செட்டிங்ஸில் லொக்கேஷன் டேக் என்பதை அணைத்தால் அதற்குப் பிறகு எடுக்கும் படங்களில் புள்ளி பதியாது. ஐபோனில் ஷேர் செய்யும்போது மேலே வரும் ஆப்ஷன்ஸில் லொக்கேஷனை அணைக்கலாம்.

படம் எடுப்பதிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டிய இடங்களும் மலையில் உண்டு. மலை ரயில் ஜன்னலில் கையை நீட்டிச் சுட்டுத் தள்ளுகிறவர்கள் அருவங்காடும் வெலிங்டனும் வரும்போது போனை உள்ளே வைப்பது உத்தமம். ஒன்றில் வெடிமருந்துத் தொழிற்சாலை, மற்றதில் ராணுவம். தோடர் குடியிருப்புகளான மந்துகளிலும், படுகர் ஊர்க் கோயில்களிலும், தேயிலை பறிக்கும் பெண்களிடமும் கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை. எடுக்கச் சம்மதித்தவர் முப்பது பேர் இருக்கும் குரூப்பில் போடவும் சம்மதித்தார் என்று அர்த்தமில்லை, அதையும் கேட்க வேண்டும். குழந்தைகள் படத்துக்கு அந்த வீட்டாரிடம் கேட்காமல் போடுவதே தவறு.

இனி ஆல்பம். கூகுள் போட்டோஸில் புது ஆல்பம் உருவாக்கி, பெயரை ‘2025-05 மலர்க் கண்காட்சி’ என்று வருடம், மாதம் முன்னால் வரும்படி வைக்கவும். பெயர் வரிசைப்படி அடுக்கினால் தானாகக் காலவரிசையில் நிற்கும். ‘ஊட்டி ட்ரிப்’ என்று வைத்தால் மூன்றாவது ஊட்டி ட்ரிப்பிலேயே குழப்பம் ஆரம்பம். ஆல்பத்தின் மூன்று புள்ளியைத் தொட்டு ஆப்ஷன்ஸ் போனால் கவனிக்க வேண்டியவை நான்கு. கொலாபரேட் ஆனில் இருந்தால்தான் மற்றவர்கள் படம் சேர்க்க முடியும். படத்தின் இடத்தைப் பகிரும் பொத்தானை அணைத்து வைக்கவும். கமென்ட்டும் லைக்கும் உங்கள் விருப்பம். மிச்சம் இருக்கும் லிங்க் ஷேரிங்தான் முக்கியம். அது ஆனில் இருக்கும்வரை லிங்க் யார் கையில் கிடைத்தாலும் ஆல்பம் திறக்கும். கூகுள் கணக்குகூடத் தேவையில்லை. எல்லோரையும் மெயில் முகவரி மூலம் சேர்த்து முடித்ததும் லிங்க்கை அணைத்துவிடுவது நல்லது. ஒரு ஆல்பத்தில் 20,000 படம் வரை போடலாம், நண்பர் வட்டத்துக்கு அது தாராளம்.

இட விஷயத்தில் கூகுளின் இலவசக் கணக்கு 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். 2021 ஜூன் 1 வரை சுருக்கி ஏற்றிய படங்களுக்குக் கணக்கில்லாமல் இருந்தது. அதற்குப் பிறகு ஏற்றுவதெல்லாம் கணக்கில் சேரும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இதே 15 ஜிபியைத்தான் தின்கிறது. குரூப்பில் வந்து குவியும் வீடியோவெல்லாம் பேக்கப்பில் சேர்ந்து கடைசியில் மெயில் வராமல் நின்றுபோகும். பேக்கப் அமைப்பில் வீடியோவைச் சேர்க்கும் பொத்தானை அணைத்தாலே பெரும்பகுதி குறையும். படம் 4 எம்பி என்று வைத்தால் 15 ஜிபிக்கு நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். போட்டோஸில் பேக்கப் தரமாக ‘ஸ்டோரேஜ் சேவர்’ தேர்ந்தெடுத்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவை அந்த அளவுக்கு இறக்கப்படும். பிரின்டுக்கு அது தாராளமாகப் போதும், என் பரிந்துரையும் அதுவே. கூட்டு ஆல்பத்தில் அவரவர் போட்ட படம் அவரவர் கணக்கில்தான் எழுதப்படும், ஆகவே சுமை பகிர்ந்துவிடும். அடுத்தவர் படத்தைச் ‘சேவ்’ செய்தால் மட்டும் உங்கள் கணக்கில் ஏறும்.

அதே காரணத்தால்தான் ஆல்பங்கள் ஓட்டையாகின்றன. படம் போட்டவர் இடம் போதவில்லை என்று தன் போட்டோஸில் அழித்தால் ஆல்பத்திலிருந்தும் போய்விடும். கோபித்துக்கொண்டு ஆல்பத்தை விட்டு வெளியேறினாலும் அவர் போட்டவை கூடவே கிளம்பிவிடும். ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுத்தால் போனில் இருக்கும் பிரதி மட்டும் போகும். குப்பைத்தொட்டிக் குறியைத் தொட்டால் எல்லா இடத்திலும் போகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அதிகமாக நடக்கிற விபத்து. பேக்கப் ஆன படம் ட்ராஷில் 60 நாள் கிடக்கும், அதற்குள் மீட்கலாம். இரண்டு வருடம் தொடாத கணக்கைக் கூகுள் அழிக்கலாம் என்பதால், பேரன் ஆரம்பித்துக் கொடுத்துவிட்டுப் போன தாத்தாவின் கணக்கில் ஆல்பத்தை வைக்காதீர்கள்.

ஏற்றுவதற்கு மலையில் பொறுமை வேண்டும். 200 படம், தலா 4 எம்பி என்றால் 800 எம்பி. அப்லோட் வேகம் 2 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்குக் கால் எம்பி, கிடைத்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் அறுபடாமல் கிடைத்தால். எஸ்டேட் லைன் வீடுகளிலும் பள்ளத்து ஊர்களிலும் டவர் ஒரு ஜன்னலோரம் கிடைக்கும், இன்னொரு ஜன்னலோரம் கிடைக்காது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடியிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையிலும் மழையோடு கரன்ட்டும் போகும். போட்டோஸில் மொபைல் டேட்டாவில் ஏற்றுவதை நிறுத்தி வைஃபையில் மட்டும் என்று வைத்து, இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவதே சரிப்பட்டு வருகிறது. ஏறின படம் ஏறினதுதான். நெட் அறுந்தாலும் மீதியிலிருந்து தொடரும். வாட்ஸ்அப்பில் நூறு படத்தை மொத்தமாகத் தள்ளினால் பாதி சுற்றிக்கொண்டே நிற்கும், எது போனது எது போகவில்லை என்று விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கும்.

குரூப்பில் வந்த படங்களைச் சேமித்து ஆல்பத்தில் போடுவது பயனில்லாத வேலை. பெயரில் ‘டபிள்யூஏ’ என்று ஒட்டிவரும் அந்தக் கோப்புகளில் எடுத்த தேதி இருக்காது, வந்த தேதிதான் இருக்கும். தாலி கட்டும் படம் வரவேற்புக்குப் பின்னால் போய் நிற்கும். எடுத்தவரிடமே கேட்டு ஏற்றச் சொல்லுங்கள். கேமராக்காரர்களின் கடிகாரம் தப்பாக ஓடினாலும் இதே குழப்பம். கணினியில் போட்டோஸைத் திறந்து, மொத்தப் படத்தையும் தேர்ந்தெடுத்து, தேதி நேரத்தை ஒரே அளவாக நகர்த்திவிடலாம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு லிங்க் அனுப்பிப் பயனில்லை. அவர்களுக்குக் குரூப்பில் பத்துப் படம், நல்லதாகப் பொறுக்கி, சாதாரணத் தரத்திலேயே போதும். 32 ஜிபி போன் நிரம்பித் தொங்காமல் இருக்க ஆட்டோ டவுன்லோடை அணைத்துக் கொடுங்கள். ஒரே போஸில் பதினைந்து படம் போடுகிற ஆளிடம் என்ன சொல்வது என்பதற்கு மட்டும் எந்த ஆப்பிலும் செட்டிங் இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்பாக, ஆல்பத்தின் சொந்தக்காரர் கணினியில் திறந்து மூன்று புள்ளியில் ‘டவுன்லோட் ஆல்’ கொடுத்து ஜிப் கோப்பாக ஹார்டு டிஸ்கில் இறக்கி வைக்க வேண்டும். விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்க டிஸ்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். அந்த டிஸ்கைத் துணி அலமாரியில் வைக்காதீர்கள். மலை ஈரத்தில் கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கிற அதே அலமாரி அது. காற்றுப் புகாத டப்பாவில் லென்ஸோடு சேர்த்து வைத்து, ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகள் உள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடவும். நீல மணி இளஞ்சிவப்பாக மாறியதும் மணிகளை மட்டும் தட்டில் கொட்டி லேசாகச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும்.